சமன் செய்தல்

இடிபாடுகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்குக் கையில் தயாராக ஒரு எழுவாய் இருக்கிறது: காலம். காலம் தின்ற மதில், காலம் சாய்த்த கோபுரம், காலத்தின் கோலம். காலத்தை எழுவாயாக்கிவிட்டால் செய்தது யார் என்று கேட்க வேண்டிய சிரமம் இல்லை. 'பாழடைந்த கோட்டை' என்கிற தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அடைந்த' என்பது தன்வினை. கோட்டை தானாகவே நடந்துபோய்ப் பாழை அடைந்துவிட்டதாக அர்த்தம். நம்முடைய சரித்திரத் தொடர்கதைகள் இந்தத் தன்வினையை வைத்துக்கொண்டு வெகுகாலம் குடித்தனம் நடத்திவிட்டன. நிலா வெளிச்சம், ஆந்தையின் அலறல், இடிந்த மதிலின்மேல் ஒரு பெருமூச்சு. வாசகனும் தன் பங்குக்கு ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறான். ஆங்கில ரொமாண்டிக்குகளின் இடிபாட்டு ரசனையும் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. மொழி உயர்ந்தது, அவ்வளவுதான்.

இந்த ரசனைக்கு எதிராக வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இங்கிலாந்தில், யார்க்ஷயரில், பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. படங்களும் வரைபடங்களும் புத்தகங்களுமே என் பார்வைக்குக் கிடைத்தவை. ஒரு பாறை மேடு. அதன்மேல் புல்தரை, நடைபாதை, ஓரங்களில் மதிலின் துண்டுகள், வட்டவட்டமாகப் புடைத்து நிற்கும் பெரிய கொத்தளத்தின் அடிப்பாகம் மட்டும். ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து உட்காரும் பூங்கா. இந்தக் கோட்டையைப் பாழாக்கியதில் காலத்துக்குப் பெரிய பங்கு கிடையாது. இடிக்கச் சொன்ன தேதி தெரியும். சொன்னது யார், கேட்டது யார் என்பது தெரியும். ஈயமும் மரமும் இரும்பும் விற்கப்பட்ட கணக்கும் எழுதப்பட்டது.

பி.ஏ. வகுப்பில் 'இரண்டாம் ரிச்சர்ட்' எங்களுக்குப் பாடம். அதில் இந்தக் கோட்டை 'பாம்ஃப்ரெட்' என்ற பெயரில் வருகிறது. பேராசிரியர் அந்தப் பெயரைச் சொன்னதும் பின்பெஞ்சில் சிரிப்பு. வாவல் மீனுக்கு ஆங்கிலத்தில் அதே உச்சரிப்பு. 'பான்டிஃப்ராக்ட்' என்பதுதான் முழுப்பெயர், லத்தீனில் 'உடைந்த பாலம்' என்று பொருள் என்றெல்லாம் பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். எந்தப் பாலம், யார் உடைத்தது என்பதற்குக் கதைகள் பல உண்டு. அவற்றில் எனக்கு ருசி இல்லை.

ஷேக்ஸ்பியரின் வழியாக இந்தக் கோட்டையை அடைகிறவனுக்கு அது ஒரு ராஜாவின் சிறை. வேறொன்றும் இல்லை. 1399இல் முடி பறிக்கப்பட்ட ரிச்சர்ட் இங்கே கொண்டுவரப்பட்டான். 1400 பிப்ரவரியில் இறந்தான். நாடகத்தில் எக்ஸ்டன் என்பவன் ஆட்களோடு வந்து வெட்டிக் கொல்கிறான். பட்டினியால் இறந்தான் என்பதுதான் சரித்திரக்காரர்களில் பெரும்பாலோர் நம்புவது. 1871இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவனுடைய சமாதியைத் திறந்து பார்த்தபோது மண்டையோட்டில் வெட்டுக் காயம் எதுவும் இல்லை. ஆனால் பட்டினியை மேடையில் எப்படிக் காட்டுவது? அது நாட்கணக்கில் நடக்கிற காரியம். மேடைக்கு ஒரு கோடரி தேவை. ஷேக்ஸ்பியர் கோடரியைத் தேர்ந்தெடுத்ததில் குற்றம் சொல்ல ஏதும் இல்லை. அதற்கு முன்னால், சாவுக்காகக் காத்திருப்பவனுக்கு அவர் கொடுத்திருக்கும் அந்த நீண்ட தனிமொழி, சிறை அறையை உலகமாக்கிப் பார்க்க முயன்று தோற்கிற மனத்தின் அசைவு, அவர் எழுதியவற்றுள் முதல் தரமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'மூன்றாம் ரிச்சர்ட்' இதற்குச் சில வருஷங்கள் முன்பே எழுதப்பட்டது. 1483இல் இதே கோட்டையில் தலை துண்டிக்கப்பட்ட ரிவர்ஸ் பிரபு அந்த நாடகத்தில் கோட்டையை நேரடியாக விளித்துப் பேசுகிறான். பழைய ராஜாவின் ரத்தம் இந்தச் சுவருக்குள்தான் சிந்தியது என்று நினைவுகூர்கிறான். அதாவது, ரிச்சர்டின் சாவை நாடகமாக்குவதற்கு முன்பே ஷேக்ஸ்பியருக்குப் பாம்ஃப்ரெட் ஒரு படிமமாகிவிட்டது. படிமமாகிவிட்ட இடத்தை மறுபடி இடமாகப் பார்ப்பது கஷ்டம். இலக்கியம் சரித்திரத்துக்குச் செய்யும் உபகாரமும் அபகாரமும் இதுதான் என்று தோன்றுகிறது. பாம்ஃப்ரெட்டில் செத்த பிரபுக்களை நாம் பெயர் பெயராக அறிவோம். 1322இல் தன் சொந்தக் கோட்டையின் கூடத்திலேயே விசாரிக்கப்பட்டு, வெளியே ஒரு குன்றில் வெட்டப்பட்ட லங்காஸ்டர் தாமஸைக்கூட, கொஞ்சம் முயன்றால் தெரிந்துகொள்ளலாம். செத்தபிறகு அவனைப் புனிதனாகக் கும்பிட்டார்கள். கோட்டை நிழலில் ஐந்நூற்றெழுபது வருஷம் பிழைத்த ஊர் எங்கே?

அந்த நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. 1070 வாக்கில் இல்பர்ட் த லேசி என்ற நார்மன் பிரபு, வில்லியம் ராஜா கொடுத்த நிலத்தில், இந்தப் பாறைமேல் முதல் கோட்டையை எழுப்பினான். வெற்றிக்குக் கொடுத்த கூலி அது. கோட்டை எழுந்த இடத்தில் சாக்ஸன் மக்களின் இடுகாடு இருந்தது. செத்தவர்கள்மேல்தான் மதில் எழுந்தது. பின்னால் அது கல்யாணத்தின் வழியாக லங்காஸ்டர் குடும்பத்துக்கும், 1399க்குப் பிறகு லங்காஸ்டர் டச்சி என்னும் பெயரில் ராஜாக்களின் சொத்தாகவும் போயிற்று. 1640 வாக்கில் முதலாம் சார்ல்ஸுக்காக அலெக்ஸாண்டர் கேரிங்ஸ் என்ற ஃபிளெமிஷ் ஓவியர் இதை வரைந்திருக்கிறார். மரங்களுக்கு மேலே கோபுரம் கோபுரமாக, ஒரு ஊரே வானத்தில் ஏறி நிற்பதுபோல. வரையப்பட்ட சில வருஷத்தில் உள்நாட்டு யுத்தம் வந்துவிட்டது. கோட்டைக்கு மிச்சமிருந்த ஆயுள் பத்து வருஷத்துக்கும் குறைவு.

யுத்தத்தில் கோட்டை ராஜாவின் பக்கம். மூன்று முற்றுகைகள். முதலாவது 1644 டிசம்பரில் தொடங்கியது; 1645 மார்ச்சில் சர் மார்மட்யூக் லாங்டேல் படையோடு வந்து முற்றுகையை உடைத்தார். உடனேயே இரண்டாவது, அந்த ஜூலையில் கோட்டை பார்லிமெண்ட் கைக்குப் போனது. முற்றுகை என்றால் மதிலுக்கு உள்ளே இருப்பவர்களின் கஷ்டம்தான் நமக்கு நினைவு வரும். மதிலுக்கு வெளியே, பீரங்கிக்கும் பீரங்கிக்கும் நடுவில் கிடக்கும் ஊரை யாரும் பாடுவதில்லை. கோட்டைக்கு அடியில் இருந்த ஆல் செயின்ட்ஸ் மாதாகோயில், இரு தரப்பு சிப்பாய்களும் மாறிமாறிப் பிடித்து, சிதைந்து போனது. இன்றைக்கும் அது பாதி இடிபாடாகத்தான் நிற்கிறது.

1648 ஜூனில் ஜான் மாரிஸ் என்ற ராஜவிசுவாசி கோட்டையைத் தந்திரமாகப் பிடித்தார். உள்ளே இருந்த பார்லிமெண்ட் காவற்படைக்குக் கட்டில் படுக்கை தேவைப்பட்டது. படுக்கை கொண்டுவரும் ஆட்களாக வேஷம் போட்டுக்கொண்டு மாரிஸின் சிப்பாய்கள் நுழைந்தார்கள். தொடர்கதைக்காரர்கள் கையில் கிடைத்தால் மூன்று வாரம் ஓட்டுவார்கள். விளைவு மூன்றாவது முற்றுகை. அதற்குத் தலைமை ஏற்க அனுப்பப்பட்டவர் கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1647 அக்டோபர் கடைசியில், லண்டனுக்கு அருகே பட்னி என்ற இடத்தில், பார்லிமெண்ட் படையின் அதிகாரிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் ஒரு மாதாகோயிலில் கூடி, ராஜா தோற்றபிறகு இந்த நாட்டை எப்படி ஆள்வது என்று விவாதித்தார்கள். ராஜாவின் எதிரிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. சொத்து இருப்பவனுக்கே ஓட்டு என்றார் கிராம்வெலின் மருமகன் அயர்ட்டன். அக்டோபர் 29ஆம் தேதி ரெயின்ஸ்பரோ எழுந்து சொன்னதன் சாரம் இது: இங்கிலாந்தின் மிக ஏழையான மனிதனுக்கும், மிகப் பெரியவனைப் போலவே, வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஓர் ஆட்சியின்கீழ் வாழ வேண்டியவன் முதலில் தன் சம்மதத்தால் அதற்குக் கீழ் வர வேண்டும், குரல் கொடுக்கப்படாதவன் அந்த ஆட்சிக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். வாசகசாலைகளில் நாம் மேற்கோள் காட்டும் பிரெஞ்சு மேதைகளுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய பேச்சு. பேசியவர் தத்துவக்காரர் இல்லை. கப்பலிலும் களத்திலும் சண்டை போட்டவர். இந்தக் கட்சிக்காரர்களை எதிரிகள் 'லெவலர்ஸ்' என்றார்கள். சமன் செய்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வேலிகளையும் அந்தஸ்துகளையும் தரைமட்டமாக்க வந்தவர்கள் என்று ஏளனம்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1648 அக்டோபர் 29ஆம் தேதி, பான்டிஃப்ராக்ட் கோட்டையிலிருந்து இருபத்திச்சொச்சம் பேர் முற்றுகைக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவி வெளியேறி, டான்காஸ்டர் ஊரில் தங்கியிருந்த ரெயின்ஸ்பரோவைத் தேடி வந்தார்கள். கிராம்வெலிடமிருந்து கடிதம் என்று சொல்லி விடுதிக்குள் நுழைந்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டுபோய், எதிரிகளிடம் சிறைப்பட்டிருந்த லாங்டேலுக்கு மாற்றாகக் கொடுப்பது திட்டம். முதல் முற்றுகையில் கோட்டையைக் காப்பாற்றிய அதே லாங்டேல். அவர் அதற்குள் தானாகவே தப்பிவிட்டிருந்தது இவர்களுக்குத் தெரியாது. ரெயின்ஸ்பரோ பணியாமல் மல்லுக்கு நின்றார். தெருவிலேயே குத்திக் கொன்றுவிட்டார்கள். லண்டனில் நடந்த சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் கடல்பச்சை ரிப்பன் அணிந்து வந்தார்கள். அதுமுதல் அந்த நிறமே லெவலர்களின் நிறமாயிற்று.

எனக்கு விசித்திரமாகப் படுவது இதுதான். பாம்ஃப்ரெட் என்றதும் ஆங்கில இலக்கியம் படித்தவன் நினைவில் எழும் சாவு, ராஜாவின் சாவு. அதே கோட்டையின் கை நீண்டு இருபது மைலுக்குள் கொன்ற இந்த மனிதனுக்கு நாடகம் வாய்க்கவில்லை. ராஜாவாவது ராஜ்யத்தைத் தொலைத்தபிறகு நன்றாகப் பேசினான். இவர் ராஜ்யம் கிடைத்த கையோடு அதை யாருக்குப் பங்கிடுவது என்று பேசினார்.

ரெயின்ஸ்பரோவுக்குப் பிறகு கிராம்வெலே முற்றுகைக்கு வந்தார். நாட்டின் உட்பகுதியிலுள்ள மிக பலமான கோட்டைகளில் இது ஒன்று என்று பீரங்கியும் பணமும் கேட்டு லண்டனுக்கு எழுதினார். பலத்துக்குக் காரணம் பாறை. சுரங்கம் வைக்க முடியாது. அந்த நவம்பரில் லண்டனில் ராஜாவை என்ன செய்வது என்ற தீர்மானம் உருவாகிக்கொண்டிருந்தது. கிராம்வெல் இங்கேயே தங்கிவிட்டது யுத்தத் தேவைக்கா, தீர்மானத்தின் பொறுப்பிலிருந்து ஒதுங்கி நிற்கவா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். டிசம்பரில் அவர் போனதும் லாம்பர்ட் முற்றுகையைத் தொடர்ந்தார்.

உள்ளே இருந்தவர்கள் நாணயம் அடித்தார்கள். பாங்க் கௌண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கை நிற்கிறது. முற்றுகைக்குள் சிப்பாய்க்குச் சம்பளம் தர வேண்டும். வெளியிலிருந்து காசு வராது. வெள்ளிப் பாத்திரங்களை வெட்டித் துண்டுபோட்டு அச்சுக் குத்தினார்கள். வட்டமாக வெட்ட நேரமோ கருவியோ இல்லை. சாய்சதுரமாக வெட்டினால் வெள்ளி வீணாவதில்லை. ஒருபக்கம் கிரீடமும் ராஜாவின் பெயரெழுத்துகளும், 'மூச்சுள்ளவரை நம்பிக்கை' என்று பொருள்படும் லத்தீன் வாசகமும். மறுபக்கம் கோட்டை. நாணயத்தின் முகத்தில் எதை அச்சிடுகிறோமோ அதன்மேல் நம்பிக்கை இருந்தால்தான் அது செல்லும். இங்கே நாணயத்தை வாங்குகிறவன், அதில் அச்சிட்ட கோட்டைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறான். கோட்டை விழுந்தால் காசும் விழும். கிழிந்த நோட்டை ஒட்டிக்கொண்டு வந்து நீட்டுகிறவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். எண் தெரிந்தால் செல்லும் என்று சொல்லி மாற்றிக் கொடுக்கிறோம். செல்லுபடி என்பது எத்தனை பேருடைய மௌன சம்மதம் என்பதை அந்தச் சாய்சதுரச் ஷில்லிங் பச்சையாகக் காட்டுகிறது.

1649 ஜனவரி 30 அன்று லண்டனில் ராஜாவின் தலை வெட்டப்பட்டது. பான்டிஃப்ராக்ட் சரணடையவில்லை. அச்சை மாற்றினார்கள். இம்முறை பெரும்பாலும் எண்கோண வெள்ளி; இரண்டாம் சார்ல்ஸின் பெயர்; 'தந்தை இறந்தபின் மகனுக்காக' என்று கோட்டையைச் சுற்றி லத்தீன் எழுத்து. அந்த மகன் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தான். அவன் பெயரில் அடிக்கப்பட்ட முதல் நாணயங்கள் இவை என்கிறார்கள். அவற்றிலும் வருஷம் 1648 என்றே இருக்கிறது. பிழையில்லை. அன்றைய இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 24ஆம் தேதி முடிந்து 25ஆம் தேதி பிறந்தது. நமக்கு மார்ச் 31 கணக்கு முடிப்பு போல. கோட்டை சரணடைய ஒப்புக்கொண்ட தேதி மார்ச் 24. பழைய கணக்கில் வருஷத்தின் கடைசி நாள். ஆக, அந்தக் கோட்டை நாணயத்துக்கு 1649 என்ற வருஷமே கிடையாது.

மாரிஸ் தப்பி ஓடி, பிடிபட்டு, ஆகஸ்டில் யார்க்கில் தூக்கிலேறினார். மற்றவர்களை விட்டுவிடலாம்.

நான் சொல்ல வந்த விஷயம் அடுத்த மூன்று நாளில் இருக்கிறது. ஊர் மக்கள் மனுக் கொடுத்தார்கள்: கோட்டையை இடியுங்கள். யார்க்கிலிருந்த பெரிய ஜூரியும் கேட்டது, லாம்பர்ட்டும் கேட்டார். மார்ச் 27ஆம் தேதி பார்லிமெண்ட் உத்தரவு போட்டது: முழுவதும் இடித்துத் தரைமட்டமாக்க வேண்டியது, பொருள்களை விற்றுவிட வேண்டியது. கோட்டையால் பாதுகாக்கப்பட்டவர்கள் என்று சரித்திரப் புத்தகங்கள் வர்ணிக்கும் அதே ஜனங்கள், அது இருப்பதுதான் ஆபத்து என்று கேட்டு வாங்கிய இடிப்பு. ஐந்து வருஷத்தில் மூன்று முற்றுகை. கோட்டை இருக்கும்வரை யாராவது அதைப் பிடிப்பார்கள். பிடித்தால் யாராவது முற்றுகையிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஊர் எரியும். இந்தத் தர்க்கத்தில் பெருமூச்சுக்கு இடமில்லை. ஏப்ரலில் கடப்பாரை விழத் தொடங்கிச் சில வாரங்களில் வேலை முடிந்தது. கூரை ஈயம் முதலில் போயிற்று. கல்லைவிட அதற்குத்தான் விலை.

அதே மார்ச் 27ஆம் தேதி அதே சபை இன்னொன்றையும் செய்தது. லெவலர்கள் வெளியிட்டிருந்த ஒரு பிரசுரத்தை ராஜத்துரோகம் என்று கண்டனம் செய்தது. மறுநாள் விடிவதற்குள் லில்பர்ன், வால்வின், ஓவர்ட்டன், பிரின்ஸ் என்ற நான்கு லெவலர் தலைவர்களையும் வீடு புகுந்து பிடித்து லண்டன் கோபுரச் சிறையில் போட்டார்கள். மே மாதம் பர்ஃபோர்ட் என்ற ஊரில், லெவலர் சிப்பாய்களின் கலகம் அடக்கப்பட்டு, மூன்று பேர் மாதாகோயில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பான்டிஃப்ராக்டில் மதில் விழுந்துகொண்டிருந்த அதே வசந்தத்தில். கோட்டையைச் சமன் செய். சமன் செய்கிறவனைச் சிறையில் போடு. இரண்டு உத்தரவுக்கும் ஒரே கை, ஒரே வாரம். புதிய குடியரசு எவ்வளவு தூரம் போகத் தயார், எங்கே நின்றுவிடும் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த அரசியல் ஆய்வும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. கல்லைத் தரைமட்டமாக்கச் சம்மதம், சொத்தை அல்ல.

இப்படிக் கோட்டையை உபயோகமற்றதாக ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லைட்டிங்' என்று பெயர். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் அவமதிப்பு என்று அர்த்தமாகும். பழைய அர்த்தம் வழவழப்பாக்குவது, மட்டமாக்குவது. மட்டமாக்குவது என்ற நம் சொல்லிலும் இந்த இரண்டு அர்த்தங்களும் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கலாம்.

பிறகு கோட்டை மண்ணில் அதிமதுரம் பயிராயிற்று. நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்குக் கேட்டு வாங்குகிறோமே, அதேதான். ஆழமான, இளகிய மண் கேட்கும் வேர்ப்பயிர். தோண்டி எடுக்கச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். பான்டிஃப்ராக்டுக்கு அதிமதுரம் எப்படி வந்தது என்பதற்கும் துறவிகள், சிலுவைப்போர் வீரர்கள் என்று கதைகள் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் டன்ஹில் என்ற மருந்துக்காரர் அதோடு சர்க்கரை சேர்த்துக் கருப்பு வில்லைகளாக்கினார். 'பான்டிஃப்ராக்ட் கேக்' என்று இன்றும் விற்கிறது. ஒவ்வொரு வில்லையிலும் ஒரு முத்திரை: கோட்டை, அதன்மேல் ஒரு பறவை. ஜான் பெட்ஜமன் இந்த அதிமதுர வயல்களை வைத்து ஒரு காதல் கவிதை எழுதியிருக்கிறார். 1954இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. ராஜாவின் சிறை மிட்டாயில் அச்சாகிப்போனது சிலருக்குச் சரிவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முற்றுகை நாணயத்தில் இருந்த அதே கோட்டை, வில்லையில். இரண்டும் ஊரில் செல்லுபடியானவை.

1872 ஜூலையில் பிரிட்டனில் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது. அதுவரை ஓட்டுப் போடுகிறவன் மேடையேறி, நிலச்சொந்தக்காரனும் முதலாளியும் கேட்க, உரக்கப் பெயர் சொல்ல வேண்டும். புதிய முறையில் பார்லிமெண்டுக்கு நடந்த முதல் தேர்தல், ஆகஸ்ட் 15ஆம் தேதி பான்டிஃப்ராக்டில் நடந்த இடைத்தேர்தல். காரணம் தற்செயலானது: அந்த ஊர் உறுப்பினர் சில்டர்ஸ் மந்திரி பதவி ஏற்றார், அன்றைய விதிப்படி பதவி ஏற்றவர் மறுபடி தொகுதியில் நின்று ஜெயிக்க வேண்டும். அவர் ஏற்ற பதவி லங்காஸ்டர் டச்சியின் சான்சலர். அதாவது, இடிந்த கோட்டைக்குச் சொந்தமான அதே எஸ்டேட்டின் மந்திரி. வாக்குப்பெட்டியை அரக்கு வைத்து மூட முத்திரை வேண்டியிருந்தது. மிட்டாய்ப் பட்டறையிலிருந்து வில்லை அச்சைக் கொண்டுவந்து அரக்கில் குத்தினார்கள். ரகசிய வாக்குச் சீட்டுகளின்மேல் கோட்டை முத்திரை. பெட்டி இன்னும் ஊர் மியூசியத்தில் இருக்கிறது. அரக்கும் அதில் ஒட்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ரெயின்ஸ்பரோ நினைவு வந்தது இயற்கை. ஆனால் அன்று பான்டிஃப்ராக்டில் ஓட்டுப் போட்ட ஒருவருக்கும் அந்த நினைவு வந்திருக்க முடியாது. பட்னி விவாதத்தைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்தவர் வில்லியம் கிளார்க் என்ற செயலர். அவருடைய காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாமல் கிடந்தன. சி.ஹெச். ஃபர்த் அவற்றைப் பதிப்பித்தது 1891இல். இருநூற்று நாற்பது வருஷம் அந்தப் பேச்சுக்கு வாசகர்களே இல்லை. 1872இன் ஓட்டு, மிக ஏழையின் ஓட்டும் அல்ல. குடும்பத் தலைவர்களான ஆண்களுக்கு, அதிலும் ஊருக்கு ஊர் நிபந்தனையோடு. எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வர 1918 ஆயிற்று. பெண்களுக்கு அதற்கும் மேல் பத்து வருஷம். ரெயின்ஸ்பரோவே பெண்களை நினைத்துப் பேசியதாகச் சொல்ல முடியாது.

1880களின் தொடக்கத்தில்தான் மேடு பூங்காவானது. விக்டோரியா காலத்து நகரசபைகளுக்குப் பூங்கா பிடித்த காரியம்: சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சுத்தமான காற்று, ஒழுக்கமான பொழுதுபோக்கு. அதில் அதிகாரத்தின் ஒரு கண்டிப்பான தகப்பன்தனம் இருக்கிறதுதான். இருந்தாலும் ஐந்நூற்றெழுபது வருஷம் வாசலில் காவல் நின்ற இடத்துக்குள் ஊர்க்காரன் பூச்செடி பார்க்கப் போனான் என்பதைச் சிறிய விஷயமாக என்னால் ஒதுக்க முடியவில்லை. எனக்கு ஆட்சேபம் புல்தரையிடம். புல் கடப்பாரைத் தடயத்தை மூடுகிறது. பாத்திகளுக்கு நடுவே மதில் துண்டு நிற்கும்போது பார்க்கிறவனுக்கு அது காலத்தின் கைவேலையாகவே தெரியும். 1649இல் மனுக் கொடுத்தவர்களின் பேரன்களின் பேரன்கள், தங்கள் முன்னோர் செய்வித்த இடிப்பின்மேல் உட்கார்ந்து, ஐயோ எவ்வளவு பெரிய கோட்டை, எப்படிப் பாழடைந்து போயிற்று என்று சொல்லக்கூடிய ஒரு காட்சியைப் பூங்கா அமைத்துக் கொடுத்துவிட்டது. தன்வினை ஜெயித்துவிட்டது.

1982 முதல் 1986 வரை ஒழுங்காக அகழ்ந்து பார்த்தார்கள். சமீப வருஷங்களில் லாட்டரி நிதியின் உதவியோடு மதில்களைச் செப்பனிட்டு, பார்வையாளர் கூடமும் கட்டியிருக்கிறார்கள். இடிக்க உத்தரவு போட்ட அதே நாட்டின் பொதுப்பணம் இப்போது மேலும் இடிந்து விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. இடிபாட்டையும் பராமரிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கல்.

ரிச்சர்ட் இறந்த அறை எது என்று காட்ட இன்று வழியில்லை. புல்தரைக்குக் கீழே, பாறையைக் குடைந்து இறங்கும் படிகளின் முடிவில், நிலவறை ஒன்று இருக்கிறது. நார்மன் காலத்தில் சரக்கறை. யுத்தத்தில் ஆயுதக் கிடங்கும் சிறையும். அதன் சுவரில் அடைபட்டிருந்தவர்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். 1648 என்ற வருஷமும் இருக்கிறது. நாடகங்களில் வராத பெயர்கள். இடிக்க வந்தவர்கள் அந்த அறையைத் தொடவில்லை. தரைக்குக் கீழே இருப்பதைத் தரைமட்டமாக்க வேண்டியதில்லை. விற்பதற்கு அதில் ஈயமும் கிடையாது.